புதிய வைரஸ் வந்தால் முதலில் எதை எண்ண வேண்டும்?

2003 ஏப்ரலில் சார்ஸ் என்ற புதிய சுவாச நோய் பற்றிய செய்திகளைப் படித்தவர்கள், அந்த நோய் பிடித்த நூறு பேரில் நான்கு பேர் இறக்கிறார்கள் என்றே அறிந்திருப்பார்கள். மே 7ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் கணக்கைத் திருத்தியது. நூற்றுக்கு நான்கு என்பது நூற்றுக்குப் பதினான்கு, பதினைந்து என்று ஆயிற்று. சில வாரங்களுக்குள் மூன்று மடங்குக்கும் மேலான உயர்வு. இடையில் வைரஸ் ஒன்றும் மாறிவிடவில்லை. ஏப்ரலில் மருத்துவமனைக் கட்டில்களில் கிடந்தவர்கள் என்ன ஆனார்கள் என்பது மே மாதத்தில்தான் தெரிய வந்தது.

2009இல் இதற்கு நேர்மாறாக நடந்தது. மெக்சிகோவில் புதிய பன்றிக் காய்ச்சல் கிளம்பியபோது, திடகாத்திரமான இளைஞர்கள் நிமோனியா முற்றித் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இறப்பதாகச் செய்தி வந்தது. 1918ஆம் ஆண்டின் கொள்ளைக் காய்ச்சல் திரும்பிவிட்டதோ என்று உலகமே பதறியது. எல்லாம் அடங்கியபின் எண்ணிப் பார்த்தால், அந்த வைரஸ் தொற்றியவர்களில் இறந்தவர்கள் ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு.

ஒரு புதிய வைரஸைப் பற்றி முதல் வாரங்களில் வெளிவரும் எண்கள், அந்த வைரஸைக் காட்டுவதைவிட, நாம் யாரைப் பார்த்தோம், எப்போது பார்த்தோம் என்பதையே அதிகம் காட்டுகின்றன. இது புரியாவிட்டால் ஒரே எண்ணைப் பார்த்து ஒருவர் தேவையில்லாமல் நடுங்குவார், இன்னொருவர் தேவையான எச்சரிக்கையையும் உதறுவார். 2020 மார்ச் 3ஆம் தேதி, உலகெங்கும் பதிவான கோவிட் நோயாளிகளில் ஏறத்தாழ 3.4 சதவீதம் பேர் இறந்திருப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் டெட்ரோஸ் சொன்னார். எங்கள் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு சித்தப்பா அதை இந்தியாவின் மக்கள்தொகையோடு பெருக்கி நான்கரைக் கோடிச் சாவு என்று எழுதினார். அடுத்த நிமிடமே ஒரு மாமா, நூற்றுக்கு 96 பேர் பிழைக்கிறார்களே, சாதாரணக் காய்ச்சல்தான் என்று பதில் போட்டார். இருவருமே 'பதிவான' என்ற சொல்லைக் கவனிக்கவில்லை. அந்தச் சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது.

தமிழில் நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நம் செய்தித்தாள்கள் 'வீரியமிக்க வைரஸ்' என்று எழுதுகின்றன. எந்த வீரியம்? பிடித்தவரைக் கொல்லும் வீரியமா, பலரைப் பிடிக்கும் வீரியமா? இவை இரண்டும் வேறு வேறு. ஒன்று கூடினால் மற்றதும் கூட வேண்டும் என்ற விதி எதுவும் இல்லை. எனவே தனித்தனியாகவே பார்ப்போம்.

பின்னத்தின் மேலும் கீழும்

எவ்வளவு ஆபத்து என்பதைச் சொல்லும் எண், பள்ளிக்கூடத்தில் படித்த எளிய பின்னம்தான். மேலே தொகுதியில் இறந்தவர்கள். கீழே பகுதியில் நோயுற்றவர்கள். ஆனால் புதிய நோய் பரவிக்கொண்டிருக்கும் நேரத்தில் மேலே உள்ள எண் பின்தங்கி வருகிறது. கீழே உள்ள எண்ணிலோ பாதிக்கு மேல் கண்ணுக்குத் தெரிவதில்லை.

முதலில் மேலே உள்ளதைப் பார்ப்போம். ஒரு நோயில் இறப்பவர்கள், அறிகுறி தோன்றிச் சுமார் 15 நாட்கள் கழித்து இறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நோயாளிகளின் எண்ணிக்கை ஐந்து நாட்களுக்கு ஒருமுறை இரட்டிக்கிறது. இன்று 800 நோயாளிகள், 10 மரணங்கள். வகுத்தால் நூற்றுக்கு ஒன்றேகால். ஆனால் இன்று இறந்திருக்கும் பத்துப் பேரும் 15 நாட்களுக்கு முன்பே நோயுற்றிருந்தவர்கள். அன்று இருந்த நோயாளிகள் எத்தனை பேர்? மூன்று முறை இரட்டித்து 800 ஆகியிருப்பதால், அன்று இருந்தவர்கள் 100 பேர். ஆகவே உண்மைக் கணக்கு நூற்றுக்குப் பத்து. மீதி 700 பேரின் முடிவு இன்னும் எழுதப்படவில்லை. சார்ஸ் விஷயத்தில் நடந்தது இதுதான். நோய் வேகமாகப் பரவப் பரவ, இந்தப் பிழையும் பெரிதாகி நோயை உள்ளதைவிடச் சாதுவாகக் காட்டும்.

இனிக் கீழே உள்ள எண். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் பழமொழி. அது எப்போது உண்மை? சோறு முழுதும் ஒரே சீராக வெந்திருந்தால்தான். புதிய வைரஸ் வந்த முதல் நாட்களில் நாம் கையில் எடுத்துப் பார்ப்பது, பானையின் அடியில் பிடித்துக் கருகிய சோற்றை. மூச்சுத்திணறி மருத்துவமனைக்கு வந்தவர்கள் மட்டுமே சோதிக்கப்படுகிறார்கள். இரண்டு நாள் தொண்டைவலியோடு வீட்டிலேயே கஷாயம் குடித்துத் தேறியவர்களும், எதுவுமே தெரியாமல் வேலைக்குப் போய் வந்தவர்களும் பகுதியில் சேர்வதே இல்லை. 2009இல் மெக்சிகோ மருத்துவமனைகளில் கண்ணில் பட்டதும் அந்தக் கருகிய சோறுதான். இந்தப் பிழை நோயை உள்ளதைவிடக் கொடியதாகக் காட்டும்.

ஆக, ஒரு பிழை எண்ணைக் கீழே இழுக்கிறது, இன்னொன்று மேலே தள்ளுகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. எது வலுவாக இருக்கிறது என்பது நாட்டுக்கு நாடு, வாரத்துக்கு வாரம் மாறும்.

இதிலிருந்து தப்ப ஒரே வழி, பகுதியை முழுதாக எண்ணுவது. 2020 பிப்ரவரியில் அதற்கு ஒரு வாய்ப்பு, துயரமான ஒரு வடிவத்தில் அமைந்தது. டைமண்ட் பிரின்சஸ் என்ற உல்லாசக் கப்பல் ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தில் தனிமைப்படுத்தி நிறுத்தப்பட்டது. பயணிகளும் பணியாளர்களுமாக 3,711 பேர். அறிகுறி இருந்தவர்களோடு நிற்காமல், ஏறத்தாழ எல்லோரையுமே சோதித்தார்கள். 712 பேருக்குத் தொற்று. அவர்களில் சுமார் பாதிப்பேருக்குச் சோதித்த வேளையில் எந்த அறிகுறியும் இல்லை. அதுவரை வந்த கோவிட் செய்திகளில் எனக்கு முக்கியமாகப் பட்டது இந்தப் 'பாதி' என்ற செய்திதான். ஊருக்குள்ளும் இதே பாதி இருக்கும், அவர்களை யாரும் எண்ணவில்லை என்பது அன்றே விளங்கிவிட்டது. கப்பலில் இறந்தவர்கள் தொற்றியவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில் வந்தார்கள். பயணிகளில் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள் என்பதைக் கழித்துப் பார்த்தவர்கள், எல்லா வயதினரும் கலந்த ஒரு சமூகத்தில் அது நூற்றுக்கு அரையிலிருந்து ஒன்றுக்குள் இருக்கும் என்று கணித்தார்கள். பின்னால் வந்த பெரிய ஆய்வுகள் பலவும் அந்த எல்லைக்கு அருகிலேயே நின்றன.

சென்னையிலும் இதைப் பார்த்தோம். 2020 ஜூலை இறுதியில் நகரில் பதிவான நோயாளிகள் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர், இறந்தவர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம். நூற்றுக்கு இரண்டு. அதே மாதம் மாநகராட்சியும் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனமும் சேர்ந்து வீடு வீடாகப் போய் 12,000க்கும் மேற்பட்டவர்களின் இரத்தத்தைச் சோதித்தன. வைரஸ் வந்து போனதன் அடையாளமான எதிர்ப்புரதம், அதாவது ஆன்டிபாடி, ஐந்தில் ஒருவருக்கு இருந்தது. நகரத்தின் மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் பதினைந்து லட்சம் பேர் அளவில் தொற்றியிருக்கிறது. பதிவேட்டில் இருந்தவர்கள் ஒரு லட்சம் பேர்தான். தொகுதி அதேதான், பகுதி பதினைந்து மடங்கு. நூற்றுக்கு இரண்டு என்பது ஆயிரத்துக்கு ஒன்றரைக்கும் கீழே இறங்கிவிட்டது.

அந்தத் தொகுதியும் பழுதற்றதாக இல்லை. அதே ஜூலை 22ஆம் தேதி, விடுபட்டுப்போன 444 மரணங்களைத் தமிழக அரசு சென்னைக் கணக்கில் சேர்த்தது. பின்னத்தில் கீழே உள்ளது மட்டும் ஒளிந்துகொள்வதில்லை, மேலே உள்ளதும் ஒளிந்துகொள்ளும். இறப்புகளை நேர்மையாக எண்ணாத ஊரில் எந்த வைரஸுமே சாதுவாகத்தான் தெரியும்.

ஆகவே அடுத்த முறை 'இறப்பு விகிதம்' என்று படிக்கும்போது, எதில் இவ்வளவு என்று கேளுங்கள். நோயாளி என்று பதிவானவர்களிலா, தொற்றிய எல்லோரிலுமா? முதலாவது மருத்துவமனை வாசலில் எடுத்த கணக்கு. இரண்டாவது ஊரை எடுத்த கணக்கு. இரண்டுக்கும் இடையே பத்து, இருபது மடங்கு வேறுபாடு இருக்கலாம்.

சராசரி மறைப்பது இன்னொன்றும் உண்டு. சார்ஸில் 24 வயதுக்கு உட்பட்டவர்களில் இறந்தவர்கள் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு, 65 வயதைத் தாண்டியவர்களிலோ பாதிக்கு மேல். இந்த இரண்டையும் கலந்து 'பதினைந்து' என்று சொன்னால், அந்தப் பதினைந்து யாருக்குமே பொருந்தாத எண். 2009இன் பன்றிக் காய்ச்சலில் இறந்தவர்களில் பெரும்பாலோர் 65 வயதுக்கு உட்பட்டவர்கள் என்று பிற்கால மதிப்பீடுகள் காட்டின. வழக்கமான காய்ச்சல் பருவத்தில் முதியவர்களே அதிகம் இறப்பார்கள், அந்த ஆண்டு அது தலைகீழானது. விகிதம் சிறிதுதான். ஆனால் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போன தாய்மார்களின் சாவை விகிதத்தை வைத்து மட்டும் சிறிது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒருவரிடமிருந்து எத்தனை பேருக்கு

இனிப் பரவுதல். இதற்கு ஆய்வாளர்கள் பயன்படுத்தும் எண்ணை 'ஆர்' என்ற எழுத்தால் குறிக்கிறார்கள். ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்கு நோயைக் கொடுக்கிறார் என்பதே அது. யாருக்குமே எதிர்ப்பாற்றல் இல்லாத ஊரில், எந்தத் தடுப்பும் இல்லாத நிலையில் உள்ள ஆர் எண்ணை 'ஆர்-நாட்' என்பார்கள். தட்டம்மைக்கு அது 12 முதல் 18 வரை. வூஹானில் தொடங்கிய கோவிட் வைரஸுக்கு இரண்டிலிருந்து மூன்று. சார்ஸுக்கும் ஏறத்தாழ அதே அளவுதான். பருவந்தோறும் வரும் ஃப்ளூ காய்ச்சலுக்கு ஒன்றைச் சற்றே தாண்டும்.

எல்லாம் ஒன்று என்ற கோட்டில்தான் இருக்கிறது. ஆர் இரண்டானால் பத்தாவது சுற்றில் மட்டும் ஒருவரிலிருந்து ஆயிரம் பேர். மூன்றானால் ஏறத்தாழ அறுபதாயிரம் பேர். ஒன்றுக்குக் கீழே போனால் கதை வேறு. வங்கதேசத்தில் நிபா வைரஸை 14 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு, மனிதரிடமிருந்து மனிதருக்கு அது பரவும் ஆர் எண்ணை 0.33 என்று கண்டது. நூறு பேரிடமிருந்து முப்பத்து மூன்று பேருக்கு, அவர்களிடமிருந்து பதினொரு பேருக்கு, பிறகு மூன்று நான்கு பேருக்கு. அவ்வளவில் அணைந்துவிடும். பழந்தின்னி வௌவாலிடமிருந்து, ஈச்ச மரத்திலிருந்து வடித்த பச்சைச் சாறு வழியாக அது மறுபடி மறுபடி மனிதருக்குள் வருவதால்தான் ஆண்டுதோறும் செய்தியாகிறது.

ஆர் எண்ணை வைரஸின் பிறவிக் குணம் என்று நினைப்பது பலரும் செய்யும் தவறு. நோயாளி எத்தனை நாட்கள் தொற்றுபவராக இருக்கிறார், ஒரு நாளில் எத்தனை பேரைச் சந்திக்கிறார், ஒவ்வொரு சந்திப்பிலும் தொற்ற எவ்வளவு வாய்ப்பு, சந்திக்கப்படுபவர்களில் எத்தனை பேருக்கு எதிர்ப்பாற்றல் இல்லை என்ற நான்கும் பெருகி வருவது அது. முதலாவதும் மூன்றாவதும் ஓரளவு வைரஸின் கையில் இருக்கின்றன. மற்றவை நம் கையில். நெரிசலான பேருந்து, காற்றோட்டம் இல்லாத கல்யாண மண்டபம், நோயாளியின் கட்டிலுக்கு அடியிலேயே பாயை விரித்துப் படுக்கும் உறவினர்கள் ஆகிய எல்லாம் சேர்ந்ததுதான் ஒரு ஊரின் ஆர். தடுப்பூசி முறையாகப் போட்ட ஊரில் பதினெட்டு என்ற தட்டம்மையின் எண்ணும் ஒன்றுக்குக் கீழே போய்விடுகிறது. வைரஸும் மாறும். 2021இல் பரவிய டெல்டா என்ற கோவிட் வகை, வூஹானின் மூல வைரஸைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு எளிதாகப் பரவியது. அதனால் ஆர் என்றதும், எந்த ஊரில், எந்த மாதத்தில் என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

ஒரு சுற்றுக்கு எத்தனை நாள் என்பதும் முக்கியம். நான் நோயுற்ற நாளுக்கும், என்னிடமிருந்து தொற்றியவர் நோயுறும் நாளுக்கும் இடையே ஃப்ளூ வைரஸில் மூன்று நாட்கள் அளவு, கோவிட் தொடக்கத்தில் ஐந்து நாட்கள் அளவு, சார்ஸில் எட்டு நாட்களுக்கு மேல். மூன்றுக்கும் ஆர் ஒரே அளவாக இருந்தாலும், ஒரு மாதத்தில் ஃப்ளூ பத்துச் சுற்று ஓடியிருக்கும், சார்ஸ் நான்காம் சுற்றையே முடித்திருக்காது. தொடர்பில் வந்தவர்களைத் தேடிப் பிடிக்கும் சுகாதாரப் பணியாளருக்கு, அந்த இடைவெளிதான் கையில் இருக்கும் மொத்த அவகாசம்.

எல்லோரும் ஒரே மாதிரி பரப்புவதில்லை

2015இல் தென்கொரியாவுக்கு மெர்ஸ் வைரஸ் வந்தது. அரேபியாவில் ஒட்டகங்களிலிருந்து மனிதருக்குத் தாவி, பெரிதாகப் பரவாமல் இருந்த வைரஸ் அது. மனிதருக்கு மனிதர் பரவும் ஆர் ஒன்றுக்குக் கீழே என்றே எல்லோரும் நம்பியிருந்தார்கள். மத்திய கிழக்கிலிருந்து திரும்பிய ஒரே ஒருவரில் தொடங்கி, அவரையும் சேர்த்து 186 பேருக்கு அது தொற்றியது, 38 பேர் இறந்தார்கள். இந்தத் தொற்றுகளில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் ஐந்தே ஐந்து நோயாளிகளிடமிருந்து வந்தவை. அவர்களில் ஒருவர், சியோலில் ஒரு பெரிய மருத்துவமனையின் நெரிசலான அவசரப் பிரிவில் இருந்தபோது எண்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு நோயைக் கொடுத்துவிட்டார். மற்ற நோயாளிகளில் பெரும்பாலோர் யாருக்குமே கொடுக்கவில்லை.

கோவிடும் இப்படித்தான் தொடங்கியது. ஹாங்காங்கில் முதல் அலையை ஆராய்ந்தவர்கள், உள்ளூர்த் தொற்றுகளில் 80 சதவீதத்துக்குக் காரணம் சுமார் 20 சதவீத நோயாளிகளே என்று கண்டார்கள். 2020 மார்ச் 10ஆம் தேதி அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 61 பேர் கூடி இரண்டரை மணி நேரம் பாட்டுப் பயிற்சி செய்தார்கள். 53 பேர் நோயுற்றார்கள், இருவர் இறந்தார்கள். நம்மூரில் கோயம்பேடு. அந்த ஆண்டு ஏப்ரல் கடைசியில் சந்தையில் பிடித்த தொற்று, மே 5ஆம் தேதி சந்தையை மூடுவதற்குள் சுமை தூக்குபவர்களோடும் லாரிகளோடும் கடலூர், விழுப்புரம், அரியலூர் வரை போய்விட்டது. அதற்காக அந்தத் தொழிலாளர்களைச் சிலர் ஏசியது எனக்கு இன்றும் ஆறவில்லை. 'சூப்பர் ஸ்பிரெடர்' என்று மனிதரைச் சொல்வதைவிட இடத்தைச் சொல்வதே பெரும்பாலும் சரி. சந்தையின் நெரிசலை அவர்கள் உண்டாக்கவில்லை.

புதிய வைரஸை எடைபோடுபவருக்கு இந்தச் சமமின்மை ஏன் முக்கியம்? நமுத்துப்போன தீப்பெட்டியை எண்ணிப் பாருங்கள். பத்துக் குச்சி உரசியும் பற்றாது, அதைப் பார்த்துப் பயமில்லை என்று நினைத்துக்கொள்வோம். பதினோராவது பற்றும், பக்கத்தில் வைக்கோற்போர் இருந்தால் முடிந்தது. வெளிநாட்டிலிருந்து பத்து நோயாளிகள் வந்தும் ஒன்றும் ஆகவில்லை என்பது நமக்கு நற்சான்றிதழ் ஆகாது. அதே சமமின்மை ஒரு வழியையும் திறந்துவிடுகிறது. பரவும் இடங்கள் சில வகைதான் என்றால், ஊர் முழுவதையும் பூட்டுவதற்கு முன் அந்த இடங்களைக் கவனித்தாலே பாதி வேலை முடியும்.

எப்போது தொற்றுகிறது?

இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் மற்ற எண்கள் எதுவும் முழுப்பொருள் தருவதில்லை என்பது என் எண்ணம். சார்ஸையும் கோவிடையும் அருகருகே வையுங்கள். இரண்டும் கொரோனா குடும்பம். ஆர்-நாட் ஏறத்தாழ ஒன்றே. கொல்லும் திறனில் சார்ஸ் எங்கோ மேலே இருந்தது, மே மாத மதிப்பீடான பதினைந்தை எட்டாவிட்டாலும், இறுதிக் கணக்கில் பதிவானவர்களில் கிட்டத்தட்டப் பத்தில் ஒருவர் இறந்தார். ஆனால் சார்ஸ் உலகெங்கும் சுமார் 8,100 பேரோடும் 774 மரணங்களோடும் 2003 ஜூலையில் நின்றுவிட்டது. கோவிடில் நாடுகள் தாமாகப் பதிவு செய்த மரணங்களே எழுபது லட்சம்.

வேறுபாடு நேரத்தில் இருந்தது. சார்ஸ் நோயாளி அதிகம் தொற்றுபவராக இருந்தது, நோயின் இரண்டாவது வாரத்தில். அதற்குள் அவர் கடும் காய்ச்சலோடு கட்டிலில் விழுந்திருப்பார். காய்ச்சல் உள்ளவரைத் தனியே வைத்தாலே சங்கிலி அறுந்தது. அவரைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களும் செவிலியரும்தான் பெரும் விலை கொடுத்தார்கள். சார்ஸை முதலில் அடையாளம் கண்டவர்களில் ஒருவரும், ஹனோயில் பணியாற்றியவருமான மருத்துவர் கார்லோ உர்பானி, அதே நோயால் 2003 மார்ச் 29ஆம் தேதி இறந்தார். கோவிட் நோயாளியோ அறிகுறி தோன்றுவதற்கு ஓரிரு நாட்கள் முன்பிருந்தே தொற்றுபவராக இருந்தார். விமான நிலையத்தில் நெற்றிக்கு நேரே நீட்டிய வெப்பமானியால் அவரைப் பிடிக்கவே முடியாது.

வீரியம் என்ற ஒரே சொல்லுக்குள் கொல்லுவதையும் பரவுவதையும் அடைக்கக் கூடாது என்று சொன்னேன். ஒரு சிறு கணக்கு அதைத் தெளிவாக்கும். முதல் நோய் தொற்றியவர்களில் பாதிப்பேரைக் கொல்கிறது, ஆர் 0.5. நூறு பேரோடு தொடங்கினால் மொத்தம் இருநூறு பேரைப் பிடித்து, நூறு பேரைக் கொன்று அணைந்துவிடும். இரண்டாவது நோய் இருநூற்றில் ஒருவரைத்தான் கொல்கிறது, ஆர் 2. அதே நூறு பேரோடு தொடங்கினால் பத்தாவது சுற்று முடிவில் இரண்டு லட்சம் பேரைப் பிடித்திருக்கும், ஆயிரம் பேர் இறந்திருப்பார்கள், பதினோராவது சுற்றும் தொடங்கியிருக்கும். ஒரு தனி மனிதருக்கு முதல் நோய் பயங்கரம். ஒரு நாட்டுக்கு இரண்டாவது நோய் பயங்கரம். என் மாமா தனி மனிதரின் கண்ணால் பார்த்தார், அதனால்தான் அவருக்கு அது சாதாரணக் காய்ச்சலாகத் தெரிந்தது.

இவ்வளவு மூடுபனிக்குள்ளும் முதல் வாரங்களில் ஏதாவது தெரிந்துகொள்ள முடியுமா? முடியும், சுற்றுவழிகளால். 2020 ஜனவரி 17ஆம் தேதி லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஆய்வாளர்கள் செய்தது எனக்கு மிகவும் பிடித்த கணக்கு. அப்போது வூஹானின் அதிகாரபூர்வ எண்ணிக்கை நாற்பதைச் சற்றே தாண்டியிருந்தது. ஆனால் அங்கிருந்து தாய்லாந்துக்கும் ஜப்பானுக்கும் போனவர்களில் மூவருக்கு நோய் இருந்தது. வூஹான் விமான நிலையத்தை நம்பி இருப்பவர்கள் சுமார் 1 கோடியே 90 லட்சம் பேர், நாளொன்றுக்கு வெளிநாட்டு விமானம் ஏறுபவர்கள் சுமார் 3,300 பேர். ஒருவர் தொற்றியதிலிருந்து நோயாளி எனக் கண்டறியப்படும்வரை பத்து நாட்கள் என்று கொண்டால், அந்தப் பத்து நாட்களுக்குள் அவர் வெளிநாடு போகும் வாய்ப்பு ஏறத்தாழ 575இல் ஒன்று. வெளியே மூவர் கிடைத்தார்கள் என்றால் உள்ளே எத்தனை பேர்? மூன்றை 575ஆல் பெருக்குங்கள், 1,700 பேருக்கு மேல். நாற்பது எங்கே, ஆயிரத்து எழுநூறு எங்கே! கூட்டலும் பெருக்கலும் தெரிந்த எவரும் பின்தொடரக்கூடிய கணக்கு, வூஹான் ஊரடங்குக்கு ஆறு நாட்கள் முன்பே கையில் இருந்தது.

மற்றொரு வழி மெதுவானது. முதல் சில நூறு நோயாளிகளின் வீடுகளுக்கே போய், உடன் இருந்த ஒவ்வொருவரையும், அறிகுறி இருக்கிறதோ இல்லையோ, சோதித்துத் தொடர்ந்து கவனிப்பது. எத்தனை பேருக்குத் தொற்றியது, எத்தனை நாளில், எவருக்கு அறிகுறியே வரவில்லை என்று பின்னத்தின் மேலும் கீழும் ஒரே வீட்டில் கிடைக்கும்.

கேரளத்தின் கோழிக்கோட்டில் இதைப் பார்க்கலாம். 2018 மே மாதம் பேராம்பிரா அருகே ஒரே குடும்பத்தில் இரண்டாவது ஆள் உயிருக்குப் போராடியபோது மருத்துவர்களுக்குச் சந்தேகம் எழுந்தது. நிபா என்று உறுதியாவதற்குள், முதல் நோயாளி வழியாக மருத்துவமனைகளில் அது பரவிவிட்டிருந்தது. ஆய்வகத்தில் உறுதியானவர்கள் 18 பேர், சோதிக்கும் முன்பே இறந்தவர்களையும் சேர்த்து 23 பேர். அவர்களில் 21 பேர் இறந்தார்கள். முதல் நோயாளியைக் கவனித்த செவிலியர் லினியும் அவர்களில் ஒருவர், அவருக்கு இரண்டு சிறு பிள்ளைகள் இருந்தார்கள். நூற்றுக்கு 91 என்ற இறப்பு விகிதம் அங்கிருந்து வந்தது. ஆர் ஒன்றுக்குக் கீழே உள்ள வைரஸ், தடுப்பு உடையில்லாத ஒரு மருத்துவமனை வார்டில் என்ன செய்யும் என்பதும் அங்கேதான் தெரிந்தது.

2023இல் அதே மாவட்டத்தில் நிபா திரும்பியது. இம்முறை ஆறு பேருக்கு உறுதியாயிற்று, இருவர் இறந்தார்கள். 91 எங்கே, 33 எங்கே, வைரஸ் சாதுவாகிவிட்டது என்று சிலர் பேசினார்கள். ஆறு பேரை வைத்துக்கொண்டு விகிதம் பேசுவது சரியில்லை. ஆறில் இருவர் என்றால், உண்மை விகிதம் நூற்றுக்கு நான்கிலிருந்து எழுபத்தெட்டு வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்பதே புள்ளியியல் தரும் விடை. அதோடு, இம்முறை தேடியவர்கள் வீட்டுக்குள்ளேயே போய்த் தேடினார்கள். கட்டிலில் விழுந்தவர்களுக்காகக் காத்திருக்கவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் தொடர்புப் பட்டியலில் ஏறின, காய்ச்சல் வருகிறதா என்று நாள்தோறும் கேட்டார்கள். இறந்த முதல் நோயாளியின் ஒன்பது வயது மகனுக்கும் நோய் உறுதியாகியிருந்தது. வெண்டிலேட்டரில் இருந்த அந்தப் பையன் மீண்டு வீடு திரும்பினான். கடைசி நோயாளிக்குப் பிறகு, வைரஸ் உடலில் ஒளிந்திருக்கக்கூடிய 21 நாட்களை இரட்டித்து 42 நாட்கள் காத்திருந்தார்கள். ஏழாவது நோயாளி வரவில்லை.